எலும்புக்குள் ஒரு குடித்தனம்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் துறை 2016-இல் 'லுகீமியா' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. இரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்றான அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா பற்றியது அது. அந்தக் கட்டுரையையும் அதற்கு முன்னும் பின்னும் குவிந்திருக்கும் மஜ்ஜை ஆய்வு எழுத்துகளையும் ஒரு நாவலை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் வீட்டிலேயே இருக்கிறார்கள், குற்றம் நடந்தால் யாரை விசாரிக்கிறார்கள் என்று கேட்டபடி வாசிப்பது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எமிலி மார்ட்டின் 1991-இல் கருமுட்டையும் விந்தணுவும் பற்றிய பாடநூல் வாக்கியங்களை இப்படித்தான் வாசித்தார். காத்திருக்கும் முட்டை, படையெடுத்துவரும் வீரன் என்ற கதையை உயிரியல் எவ்வளவு கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகுதான் பலர் கண்ணில் பட்டது. எலும்பு மஜ்ஜைக்கும் அப்படியொரு வாசிப்பு பாக்கி இருக்கிறது.

முதலில் வேலூரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஆட்ரா என்ற மருந்தையும் கீமோதெரபியையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நம் ஊர் நோயாளிகளில் பலருக்கு அது எட்டாத செலவு. 1998 முதல் வேலூரில் ஆர்செனிக் ட்ரை ஆக்சைடை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நாம் வெள்ளைப் பாடாணம் என்று சொல்வது அதைத்தான். சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் எழுபதுகளிலேயே அதை இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். 1998-க்கும் 2004-க்கும் இடையில் வேலூரில் இம்முறையில் சிகிச்சை பெற்ற 72 பேரில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகப் பின்வாங்கியது என்று 2006-இல் 'பிளட்' இதழில் எழுதினார்கள். பணமில்லாதவர்களின் நிலையிலிருந்து எழுந்த ஒரு கேள்வி உலகம் கவனிக்கும் பதிலாக மாறியது. தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் நாம் பெருமைப்பட வேண்டிய பக்கம் இது. நம் பாடப்புத்தகங்களில் அதைக் காணோம்.

சிலருக்கு நோய் திரும்பியது. ஏன் என்பதைத் தேடிப் போனபோதுதான் மஜ்ஜை கதைக்குள் வருகிறது. தட்டில் தனியாக வளரும் புற்றுச் செல்கள்மீது ஆர்செனிக்கை ஊற்றினால் அவை சாகின்றன. அதே செல்களை மஜ்ஜையின் ஸ்ட்ரோமா செல்கள்மேல் வைத்து வளர்த்துவிட்டு ஊற்றினால் பல பிழைத்துக்கொள்கின்றன. மஜ்ஜையில் இரத்தம் உண்டாகும் இடத்தைச் சுற்றித் தாங்கி நிற்கும் செல்கள்தாம் ஸ்ட்ரோமா. போர்டிசோமிப் என்ற இன்னொரு மருந்தை ஆர்செனிக்கோடு சேர்த்தால் இந்தத் தப்பித்தலை முறியடிக்கலாம் என்பது 2016 கட்டுரையின் முடிவு.

இப்போது சொற்களைப் பார்ப்போம். இந்தத் துறையில் குருத்தணுக்களும் புற்றணுக்களும் தங்கும் இடத்துக்கு 'நீஷ்' என்று பெயர். 1978-இல் ரே ஸ்கோஃபீல்டு வைத்தது. விளக்கு வைக்கச் சுவரில் குடைந்திருக்குமே, மாடக்குழி, அதுதான் அந்தச் சொல்லின் பொருள். பிரெஞ்சில் நாய்க்குக் கட்டும் சிறு வீட்டையும் அப்படியே சொல்வார்கள். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தலைமுறை இதைக் கேட்டுச் சிரிக்கும். ஸ்ட்ரோமா என்றால் கிரேக்கத்தில் படுக்கை, விரிப்பு. இரத்த ஓட்டத்தில் போகும் செல் மஜ்ஜைக்குத் திரும்பி வருவதற்கு 'வீடு திரும்புதல்' என்று பெயர். ஸ்ட்ரோமா சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் 'வா' என்று கூப்பிட, புற்றணு தன் மேற்பரப்பிலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பியால் அதைக் கேட்டுக்கொண்டு வருகிறதாம். ஆய்வுக்கூடத்தில் மற்ற செல்கள் வளரக் கீழே பரப்பிவைக்கும் செல்களுக்கு 'ஊட்டும் அடுக்கு' என்று பெயர். நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகீமியாவில் புற்றணுக்களைச் சாகவிடாமல் காப்பவற்றுக்கு 2000-ஆம் ஆண்டில் 'செவிலி போன்ற செல்கள்' என்று பெயர் சூட்டினார்கள்.

மாடம், படுக்கை, வீடு திரும்புதல், ஊட்டுதல், செவிலி. ஒரு குடித்தனம் முழுமையாக அமைந்துவிட்டது. உள்ளே இருப்பவர் யார் என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. நாமே அவளுக்குப் புடவை கட்டிவிடுகிறோம். வெளியே சுற்றிவிட்டு இரவில் வீடு வந்து சேரும் அவன் ஊரையே அழிக்கிறவன். இவள் கதவைத் திறந்து, சோறு போட்டு, போலீஸ் வந்தால் 'இங்கே இல்லை' என்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளில் ஸ்ட்ரோமாவுக்கு வரும் வினைச்சொற்களை ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்: காக்கிறது, அடைக்கலம் தருகிறது, போஷிக்கிறது, உடந்தையாகிறது, கெட்டுப்போகிறது. கடைசி இரண்டும் தொண்ணூறுகளுக்குப் பிறகு பெருகியவை என்று எனக்குப் படுகிறது. அதுவரை வெறும் தாய்; பிறகு கெட்ட தாய்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்க முடியாததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. கோட்டுச்சேரியில் எங்கள் தெருவில் நடவுக்கும் களைக்கும் போகும் ஒரு பெண்ணின் ஒன்பது வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. குழந்தைகளுக்கு வரும் வகைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நீளும். அவள் அவ்வளவு காலமும் பேருந்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் கழித்தாள். அவளுடைய மூத்த பெண் பள்ளியை விட்டு உலைவைக்க உட்கார்ந்தாள். மாமியார் வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: "என்னத்தைக் குடுத்துப் புள்ளையை வளத்தே?" மருத்துவமனையிலும் ஒருவர் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டாராம். "எல்லாப் புள்ளைக்கும் போட்ட சோறுதானக்கா அவனுக்கும் போட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். தகப்பனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊட்டியவளே நோய்க்குப் பொறுப்பு என்ற நினைப்பு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததில்லைதான். ஆனால் அங்கும் அது உறுத்தாமல் உட்கார்ந்துகொள்கிறது. பழக்கமான பாயில் யாருக்குத்தான் உறுத்தும்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெண்ணியம் பேசக் கூடாது. 2010-இல் 'நேச்சர்' இதழில் ஒரு எலி ஆய்வு வந்தது. எலும்பை உண்டாக்கும் முன்னோடிச் செல்களில் மட்டும் டைசர்1 என்ற மரபணுவை நீக்கினார்கள். இரத்தச் செல்களைத் தொடவே இல்லை. ஆனாலும் இரத்தம் சீர்கெட்டது, சில எலிகளுக்கு லுகீமியாவும் வந்தது. அதாவது சுற்றுப்புறம் முதலில் பழுதாகி, அதன் பிறகு இரத்தம் நோயுறலாம். இன்னொரு பக்கம், புற்றணுக்கள் தாம் வந்து சேர்ந்த மஜ்ஜையைத் தமக்கேற்ப மாற்றியமைக்கின்றன என்பதற்கும் சான்றுகள் நிறைய. ஆக, ஸ்ட்ரோமா அப்பாவி என்று வாதாட நான் வரவில்லை. அப்பாவி, குற்றவாளி என்ற இரண்டு நாற்காலிகளைத் தவிர வேறு இருக்கை அந்த அறையில் இல்லையா என்பதே என் கேள்வி.

இந்தக் குடித்தனத்தின் உண்மையான ஆட்கள் யாரென்று தேடிப்போனால் கதை தலைகீழாகிறது. உலகெங்கும் மஜ்ஜை ஆய்வுகளில் ஸ்ட்ரோமாவாக நிறையப் பயன்படும் செல்வரிசை ஹெச்.எஸ்-5. 1995-இல் சியாட்டிலில் பெவர்லி டோரோக்-ஸ்டோர்ப் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அது முப்பது வயது ஆண் ஒருவரின் மஜ்ஜையிலிருந்து எடுக்கப்பட்டது. ஊட்டும் தாய் என்று நாம் கற்பனை செய்துகொண்டிருந்த அந்தச் செல்களின் உடல் ஆணுடல்! அவை ஓயாமல் பெருகுவதற்காக அவற்றுக்குள் செலுத்தப்பட்டவை ஹெச்.பி.வி-16 என்ற வைரஸின் இ6, இ7 மரபணுக்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பெருமளவில் உண்டாக்கும் அதே வைரஸ், அதே மரபணுக்கள். நம் கிராமத்துப் பெண்கள் சொல்ல வெட்கப்பட்டு, முற்றிய பிறகு மருத்துவமனைக்குப் போகிற நோயின் விதை, இங்கே ஒரு ஆணின் செல்களுக்குச் சாகாவரம் கொடுத்திருக்கிறது.

மறுபுறம், தட்டில் 'கெட்டவன்' வேடம் போடும் புற்றணுக்கள் யாருடையவை? அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா ஆய்வின் அடிப்படைச் செல்வரிசையான என்.பி.4, பாரிசில் சிகிச்சை பெற்ற 23 வயதுப் பெண்ணின் மஜ்ஜையிலிருந்து எடுக்கப்பட்டது. நோய் இரண்டாம் முறை திரும்பியிருந்த நேரம் அது. 1991-இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஹெச்.எல்-60 ஒரு 36 வயதுப் பெண்ணுடையது. கே-562 ஒரு 53 வயதுப் பெண்ணுடையது. எல்லாம் பெண்கள் என்று சொல்லவில்லை. ஜுர்கட் செல்வரிசை பதினான்கு வயதுப் பையனுடையது. ஆனால் வயதும் எண்ணும் மட்டுமே மிஞ்சிய இந்த மூன்று பெண்களும் பெயரின்றி, உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். 'ஊட்டும் அடுக்கு' என்ற முறையின் தொடக்கத்தில் இருப்பவரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். 1955-இல் பக், மார்கஸ் என்ற இருவர், கதிர்வீச்சு பாய்ச்சிப் பெருகும் ஆற்றலை அழித்த ஹீலா செல்களைத் தட்டில் பரப்பி, அவற்றின் உதவியால் தனிச் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். ஹீலா என்பது ஹென்ரியெட்டா லாக்ஸ். 1951-இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண். அவருடைய அனுமதி கேட்கப்படவில்லை. தான் பெருகக் கூடாது, ஆனால் பிறர் பெருகச் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு உருவகம் எதுவும் தேவைப்படவில்லை. செய்முறையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பெண்களுக்கு வருவோம். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியாவில் 15-ஆம் 17-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று 1977-இல் கண்டவர் ஜேனட் ரௌலி. ஆர்செனிக் வேலை செய்வதே அந்த மாற்றத்தால் பிறக்கும் புரதத்தின்மீதுதான். நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்தவர். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வெட்டிப் பரப்பி ஒழுங்குபடுத்தினார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. உண்மையான வீடு இப்படி ஆய்வுக்குள் வந்தபோது அது ஒரு சுவையான துணுக்காக நின்றுவிட்டது. கற்பனை வீடுதான் கோட்பாடாகியது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 1990-இல் டொன்னல் தாமஸுக்கு நோபல் கிடைத்தது. பத்திரிகைப் படிப்பை விட்டு ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் கற்று, வாழ்நாள் முழுதும் அவரோடு வேலை செய்து, அவருடைய கட்டுரைகளைத் திருத்திக்கொடுத்த மனைவி டாட்டி தாமஸுக்கு ஒரு பட்டம் கிடைத்தது: மஜ்ஜை மாற்று சிகிச்சையின் தாய்.

தாய் என்ற பட்டத்தைப் பற்றிக் காரைக்கால்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழாவுக்குக் கோட்டுச்சேரியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறோம். சேக்கிழார் சொல்லும் கதையில், பரமதத்தன் பாண்டிநாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு, தேடிவந்த மனைவியின் காலில் விழுகிறான். அவனுக்காகச் சுமந்த தசையை அந்த இடத்திலேயே உதறிவிட்டு அவள் எலும்புருவாகிறாள். மனைவிக்கு வேண்டியதையெல்லாம் கழித்த பின் மிஞ்சியது எலும்பு. பெண்ணிய வாசிப்புகள் இந்த மறுப்பைக் கொண்டாடியிருக்கின்றன, சரிதான். ஆனால் கயிலைக்குத் தலையால் நடந்துபோன அவளைச் சிவன் என்ன சொல்லி அழைத்தார்? அம்மை என்று. வீட்டின் கடைசித் துணுக்கையும் கழற்றி எறிந்தவளைக்கூட மொழி ஒரே சொல்லில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. எலும்பை எலும்பாக விட்டுவைக்க நம் மொழிக்கும் தெரியவில்லை, ஆய்வுக்கூடத்தின் மொழிக்கும் தெரியவில்லை.

எலும்பு என்றால் வற்றியது, செத்தது என்ற நினைப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடிச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. உடலில் இவ்வளவு ஓயாத உற்பத்தி நடக்கும் இடங்கள் மிகச் சில. அதை வீடு என்று சொன்னவுடனே அந்த உழைப்பு கண்ணிலிருந்து மறைகிறது, நம் வீடுகளில் மறைவதுபோலவே.

வேறு சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவத்தின் ஏழு உடற்தாதுக்களின் வரிசையில் என்புக்கு அடுத்தது மூளை. அங்கே அந்தச் சொல் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையும் குறிக்கும். மஜ்ஜையை யோசிக்கும் பொருளாகப் பெயரிட்ட மொழி இது! ஆங்கிலத்தில் 'மகள் செல்' என்பதை நம் பாடநூல்கள் 'சேய் செல்' என்று எழுதுகின்றன. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் போகிற போக்கில் பாலை அழித்துவிட்டார். ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்கிறோம். குருத்து வீட்டுக்குள் இருப்பதில்லை, மரத்தில் இருக்கிறது.

கோட்டுச்சேரிக்காரியாக எனக்குத் தோன்றும் உருவகம் நாற்றங்கால். நெல்லோடு குதிரைவாலிப் புல்லும் அங்கே முளைக்கும். இளம்பருவத்தில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். இலை தண்டைச் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சிறு நாக்குப்போல ஒரு சவ்வு உண்டு, இதற்குக் கிடையாது. களைபறிக்கும் பெண்கள் அந்த இடத்தில் விரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். அதே தண்ணீர், அதே சேறு, அதே எரு இரண்டுக்கும் போகிறது. சேறு களைக்கு 'அடைக்கலம்' கொடுத்ததாக எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த உருவகத்திலும் ஓட்டை உண்டு. களை வெளியிலிருந்து விழுந்த விதை. புற்றணுவோ நம் நெல்லேதான், மாறிப்போன நெல். நாற்றங்கால் பெண்களின் கூலி உழைப்பில் நிற்பது என்பதையும் மறந்துவிட்டு அதை அழகாகப் பேசுவது சுலபம். சூசன் சொன்டாக் 1978-இல் நோயை உருவகங்களிலிருந்தே விடுவிக்கச் சொன்னார். கடைசியில் அவரையே இரத்தப் புற்றுநோய் பிடித்து, சியாட்டிலில் மஜ்ஜை மாற்று செய்தும் பலிக்காமல், 2004 டிசம்பரில் இறந்தார். அவருடைய கோரிக்கை நியாயமானது; ஆனால் உருவகமில்லாமல் ஆய்வுக்கூடத்தால் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. எந்த உருவகம் யார் தலையில் விடிகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் நமக்கு முடிந்த வேலை.

இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வந்து சேரும் குழந்தைகளில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகள் குறைவு. இயற்கையான வேறுபாட்டுக்கும் மேலான இடைவெளி அது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மஜ்ஜை மாற்று என்னும் செலவுமிக்க கட்டத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. வீடு திரும்புதல் பற்றி இவ்வளவு எழுதிய துறை, வீட்டைவிட்டுப் புறப்படவே இல்லாத இந்தச் சிறுமிகளைப் பற்றி எழுதியது சமீபத்தில்தான்.

வேலூர் கட்டுரைக்கு இந்தக் கண்ணோடு திரும்பினால், அதன் செயல் அதன் சொற்களைவிட நயமாக இருப்பது தெரிகிறது. மஜ்ஜையையே அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது மாற்று சிகிச்சையின் பழைய வழி. மஜ்ஜைக்கு நஞ்சாகாத மருந்தைக் கொண்டு, மஜ்ஜையை வாட்டும் கீமோ மருந்துக்கு மாற்றுத் தேடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். மாணவிகளுக்கு ஒரு பயிற்சி தரலாம். "ஸ்ட்ரோமா செல்கள் புற்றணுக்களைப் பாதுகாக்கின்றன" என்ற வாக்கியத்தை, "ஸ்ட்ரோமாவைத் தொட்டிருக்கும்போது புற்றணுக்கள் ஆர்செனிக்குக்குச் சாவதில்லை" என்று எழுதிப் பாருங்கள். எழுவாய் மாறுகிறது. தொட்டிருக்கும்போது புற்றணுவுக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த கேள்வியாகிறது. ஆய்வாளர்கள் உண்மையில் தேடியதும் அங்கேதான். இரண்டு மருந்துகளும் சேரும்போது புற்றணுவுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்ற உயிர்காப்புப் பாதை தணிகிறது. போர்டிசோமிப் செல்லின் வழக்கமான புரதக் கழிவுப் பாதையான புரோட்டியசோமை அடைத்துவிடுகிறது. நோய்க்குக் காரணமான புரதத்தை ஆர்செனிக் அந்தப் பாதை வழியாகத்தான் ஒழிப்பதாக எண்ணியிருந்தார்கள். அடைத்தால் மருந்தே வீணாகும் என்று அஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் பாதை அடைபட்ட பின்னும் அந்தப் புரதம் மறைந்தது. செல் தன் பாகங்களைத் தானே தின்று செரிக்கும் இன்னொரு வழியில், பி62 என்ற புரதத்தின் துணையோடு, அது வெளியேறியிருந்தது.